சைக்கிள் மிதித்தால் நோயாளிக்குப் பணம் எப்படி வரும்?



"நோயாளிக்கு உதவணும்னா காசைக் கையில குடுத்தாப் போதாதா? எதுக்கு அஞ்சு நாள், ஏழு நாள்னு ரோட்டு ரோட்டா சைக்கிள் மிதிக்கணும்?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். மறுபக்கத்தில் நம் வாலிபப் பிள்ளைகள், "நாங்களும் இப்படி ஒரு பயணம் போனா என்ன?" என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். இரண்டுக்கும் சேர்த்து இந்தக் கட்டுரையில் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நேர்த்திக்கடன் மாதிரி, ஆனால் ஒரு வித்தியாசம்

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நமக்குத் தெரியும். ஒருவர் கஷ்டத்தைத் தானாக ஏற்றுக்கொண்டு நடந்து வருகிறார். வழியிலே இருக்கிறவர்கள் தண்ணீர் கொடுக்கிறார்கள், சோறு கொடுக்கிறார்கள். அவர் படுகிற பாட்டைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்று மனம் வருகிறது.

உதவி நிதிக்கான சைக்கிள் பயணமும் இதே மனசை வைத்துத்தான் நடக்கிறது. ஒருவர், "நான் இத்தனை நாளில் இத்தனை கிலோமீட்டர் சைக்கிளில் போகப்போகிறேன். இன்ன ஆஸ்பத்திரிக்கு, இன்ன சாமான் வாங்க. உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று சொந்தக்காரரிடமும் சிநேகிதரிடமும் கடைக்காரரிடமும் கேட்கிறார். ஒரு ஆள் 40 வீட்டுக்குப் போனால், 20 ஆள் 800 வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு வீடும் 100 ரூபாய் கொடுத்தாலே 80,000 ரூபாய். நம் மரண உதவிச் சங்கமும் இப்படித்தானே நடக்கிறது? பல பேரின் சின்னக் காசு ஒரு வீட்டின் பெரிய கஷ்டத்துக்குக் கைகொடுக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. நேர்த்திக்கடன் நமக்கும் சாமிக்கும் நடுவிலே உள்ளது. சைக்கிள் பயணமோ காசு கொடுத்த ஒவ்வொருவருக்கும் நாம் கொடுக்கும் வாக்கு. ஆகவே சைக்கிள் வீடு வந்து சேர்ந்தவுடன் வேலை முடிந்துவிடாது. கணக்குச் சொன்ன பிறகுதான் முடியும்.

36 பேரில் ஆரம்பித்த பயணம்

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே பில்லி ஸ்டார் என்பவர் தன் தாயைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். அவர் 1980ஆம் ஆண்டு ஒரு சைக்கிள் பயணத்தை ஆரம்பித்தார். முதல் தடவை போனவர்கள் 36 பேர். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கடலோரத்தில் இருக்கும் புரொவின்ஸ்டவுன் வரை மிதித்தார்கள். சேர்ந்த பணம் 10,200 டொலர். அதைப் பொஸ்டன் நகரத்தில் இருக்கும் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குக் கொடுத்தார்கள்.

'பான்-மாஸ் சேலஞ்ச்' என்ற அந்தப் பயணம் வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. 2024ஆம் ஆண்டோடு, ஆரம்பத்திலிருந்து சேர்ந்த தொகை நூறு கோடி டொலரைத் தாண்டிவிட்டது. அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. சேருகிறவர் இவ்வளவு பணம் சேர்த்துத் தருவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்குச் சேராவிட்டால் மீதியைத் தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். சைக்கிள்காரர்கள் சேர்த்த பணம் முழுவதும் நோய்க்கான வேலைக்கே போய்ச் சேருகிறது. பயணச் செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்குக் கிட்டிய ஒரு முயற்சி நடந்தது. அது சைக்கிளில் அல்ல, கால்நடையாக. 2011ஆம் ஆண்டு தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நடந்தார்கள். தெல்லிப்பளையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக அந்த நடை. பிறகு 2016இல் அதே தூரத்தை வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள். அது காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. வடக்கு நோயாளிக்காகத் தெற்கிலிருந்தும், தெற்கு நோயாளிக்காக வடக்கிலிருந்தும் ஆட்கள் நடந்தது சின்ன விஷயம் இல்லை.

ஆயிரம் ரூபாய் கொடுத்தால் எவ்வளவு போய்ச் சேரும்?

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. தயவுசெய்து கவனமாக வாசியுங்கள்.

கலிபோர்னியாவில் 1994இல் எயிட்ஸ் நோயாளிகளுக்காக ஒரு பயணம் ஆரம்பமானது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை ஏழு நாள். நிறையப் பணம் சேர்ந்தது. ஆனால் அதை நடத்திக்கொடுத்த கம்பெனியின் செலவு அதிகம் என்று பலத்த குறை எழுந்தது. 2002இலிருந்து, பணத்தைப் பெறுகிற இரண்டு அமைப்புகளும் தாங்களே பயணத்தை நடத்தத் தொடங்கின. 545 மைல், அதாவது சுமார் 877 கிலோமீட்டர். அந்தப் பயணமும் 2025ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சேருகிறவர்கள் குறைந்தார்கள், செலவோ ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய இடத்திலேயே செலவு ஒரு பயணத்தை நிறுத்தியிருக்கிறது என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்கணும்!

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். 20 பேர் போகிறார்கள். ஆளுக்கு 20,000 ரூபாய் சேர்க்கிறார்கள். மொத்தம் 4,00,000. ஐந்து நாளைக்கு லொறி, சாப்பாடு, தங்குமிடம், டயர் டியூப், மேல்சட்டை என்று ஆளுக்கு 12,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 2,40,000 போய்விடும். நோயாளிக்குக் கிடைப்பது 1,60,000. நீங்கள் கொடுத்த ஆயிரத்தில் 400 ரூபாய்தான் போய்ச் சேர்ந்தது.

இதே பயணத்தில் லொறியை ஒரு முதலாளி இலவசமாகக் கொடுத்து, இரவு கோவில் மண்டபத்திலோ பாடசாலையிலோ படுத்து, மேல்சட்டையே வேண்டாம் என்று விட்டு, சாப்பாட்டுச் செலவையும் டயர் டியூப் செலவையும் அவரவரே பார்த்துக்கொண்டால் நாலு லட்சமும் அப்படியே போய்ச் சேரும். மிதிக்கிற தூரம் ஒன்றுதான். பலன் இரண்டரை மடங்கு.

ஆகவே யாராவது பட்டியலை நீட்டினால், கூச்சப்படாமல் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. பணம் யாருக்கு, எந்தத் தேவைக்கு? "ஏழைகளுக்கு" என்றால் போதாது.
2. எந்த வங்கிக் கணக்கில் போடுவீர்கள்? தனி ஆளின் கணக்கா, இரண்டு மூன்று பேர் கையெழுத்து வைக்கும் சங்கக் கணக்கா?
3. பயணச் செலவை யார் கொடுக்கிறார்கள்?
4. ரசீது உண்டா?
5. கணக்கை எந்தத் தேதியில், எந்த இடத்தில் வாசிப்பீர்கள்?

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். கோவில் திருவிழாக் கணக்கைக் கேட்கிற நமக்கு இதையும் கேட்க உரிமை உண்டு. ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார்கள்.

உடம்பைத் தயார் செய்வது

"நாங்க மலை ஏறி இறங்கிற ஆளுங்க, எங்களுக்கு எதுக்குப் பழக்கம்?" என்று நம் பிள்ளைகள் நினைக்கலாம். காலில் பலம் இருப்பது உண்மை. ஆனால் சீட்டில் நாலைந்து மணித்தியாலம் உட்கார்ந்து பழக வேண்டும். கழுத்து, உள்ளங்கை, இடுப்பு எல்லாம் நோவெடுக்கும். நம் தோட்டங்களில் ஏற்ற இறக்கம் அதிகமாக இருப்பதால் சைக்கிள் பழக்கமும் குறைவு.

குறைந்தது 12 கிழமை பழக வேண்டும். முதலில் கிழமைக்கு மூன்று நாள், 10 அல்லது 15 கிலோமீட்டர். பிறகு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடைசி மாதத்தில் இரண்டு நாள் தொடர்ந்து மிதித்துப் பாருங்கள். முதல் நாள் யாருக்கும் முடியும். மறுநாள் காலையில் நொந்த உடம்போடு ஏறி உட்காருவதுதான் பல நாள் பயணத்தின் கஷ்டம். புறப்படுகிற கிழமையில் அதிகம் மிதிக்காமல் உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

சீட் உயரத்தைச் சரிபார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் நோகும்.

பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்று இருக்கக் கூடாது. மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வாழைப்பழமோ, அவித்த கடலையோ, ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிடுங்கள். தண்ணீரையும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தேத்தண்ணியை நம்பி மிதிக்க வேண்டாம். குளிரில் வளர்ந்த நம் பிள்ளைகள் அநுராதபுரம் பக்கத்து வெயிலில் இறங்கினால் உடம்பு தாங்காமல் போகலாம். அதிகம் வியர்த்தால் ஜீவனியைப் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். தலைவலி, வாந்தி, தலைச்சுற்று, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே இறங்கி நிழலில் படுக்க வேண்டும். மற்றவர்கள் உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறி, தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

பிரஷர், சீனி, நெஞ்சுவலி, வலிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து

நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. கண்டி ஏறத்தாழ 1,600 அடி. இந்த இறக்கம் முழுவதும் 80 கிலோமீட்டருக்குள்ளே வந்துவிடுகிறது. றம்பொடை வளைவுகளை பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறும். சூடு கூடினால் டியூப் வெடிக்கலாம், பிரேக் கட்டையும் தேயும். ஆகவே வளைவுக்கு முன்பாகவே வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு, திரும்பப் பிடிக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் ஆள் ஹேண்டிலுக்கு மேலால் பறப்பான். இடையிடையே நின்று ரிம் ஆறட்டும். மழையில் பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும். மூடுபனி என்றால் லைற் கட்டாயம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் கதைத்துக்கொண்டு போகக் கூடாது. இடப்பக்கமாக ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள்.

ஹெல்மட் இல்லாதவரைச் சேர்க்கவே கூடாது. ஒரு நோயாளிக்கு உதவப் போய் இன்னொரு வீட்டுக்கு ஒரு நோயாளியை உண்டாக்கக் கூடாது அல்லவா? களைத்துப்போனவர்களை ஏற்றிக்கொள்ள பின்னால் ஒரு வாகனம் வர வேண்டும். அதில் ஏறுவது வெட்கம் இல்லை. பெரிய பயணங்களிலெல்லாம் இந்த ஏற்பாடு உண்டு.

மிதிக்காதவர்களுக்கும் வேலை உண்டு

அந்தக் கலிபோர்னியாப் பயணத்தில் மிதிக்கிறவர்களுக்குத் துணையாக நூற்றுக்கணக்கான தொண்டர்கள் போனார்கள். கூடாரம், சாப்பாடு, மருந்து, சைக்கிள் திருத்துவது எல்லாம் அவர்கள் கையில்தான். நம்மிலும் சமைக்கத் தெரிந்தவர், சைக்கிளுக்கு ஒட்டுப்போடத் தெரிந்தவர், கணக்கெழுதத் தெரிந்த பிள்ளை என்று எல்லோருக்கும் இடம் உண்டு. பெண் பிள்ளைகள் மிதிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஆனால் இரவு தங்குமிடத்தையும் கழிப்பறை வசதியையும் கூடப்போகிற பெரியவர்களையும் பெற்றோர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து நாள் போனால் ஐந்து பேர் விழாது. அந்தச் சம்பளம் இல்லாமல் வீட்டு அடுப்பு எரியுமா என்று குடும்பத்தோடு கதைத்து முடிவெடுங்கள். தோட்டத்திலும் முன்கூட்டியே லீவு கேளுங்கள். அடகு வைத்து, கடன் வாங்கிப் போகிற பயணம் வேண்டாம். முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்துத் தோட்டம் வரை போய் வரலாம். அதுவும் பயணம்தான், அதிலும் காசு சேரும்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் போகிறார்கள் என்று தெரிந்தால் லயத்து வாசலில் நின்று ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள், முடிந்ததைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவர்கள் திரும்பி வந்து கணக்கு வாசிக்கிற அன்று கட்டாயம் போய் உட்காருங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் கணக்கும் சரியாக இருக்கும், அடுத்த வருஷம் இன்னொரு நோயாளிக்காக உங்கள் வாசலுக்கு வருகிற பிள்ளைக்கும் மரியாதை இருக்கும்.