கண்ணைக் கெடுத்தது எழுத்தா, பெயரா?

அச்சிட்ட ஆங்கில நூல் ஒன்றை எடுத்து, அதன் எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பெரும்பாலான நூல்களில், எழுத்தின் கோடு முடியும் இடத்தில் பீடம் போன்ற ஒரு குறுங்கோடு இருக்கும். இதற்குச் 'செரிஃப்' என்று பெயர். செரிஃப் உடைய எழுத்து வகைகளுள் புகழ்பெற்ற ஒன்று 'பாஸ்கர்வில்'. இதை உருவாக்கியவர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் அச்சகம் நடத்திய ஜான் பாஸ்கர்வில் என்பவர்.

அக்காலத் தாள்கள் மேடுபள்ளமாக இருந்தன. அவற்றில் மை பதிய வேண்டுமானால், அச்சை அழுத்திப் பதிக்க வேண்டும். அழுத்தினால் மை எழுத்தின் ஓரங்களுக்குப் பிதுங்கும். தாளின் இழைகளிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளும் மையை உறிஞ்சிப் பரப்பும். ஆகவே மெல்லிய கோடு தடித்துவிடும். நுண்மையாகச் செதுக்கியும் பயன் இல்லை.

பாஸ்கர்வில் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. மையையும் தாளையும் சேர்த்தே மாற்றினார். கருமை மிகுந்த மையைத் தாமே காய்ச்சினார். வழவழப்பான தாளைத் தேர்ந்தெடுத்தார். அச்சிட்ட தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளிடையே வைத்து அழுத்தினார். 1757-இல் அவர் வெளியிட்ட வர்ஜில் கவிதை நூலில், தடித்த கோடும் மெல்லிய கோடும் தெளிவாக வேறுபட்டு நின்றன. செரிஃபுகள் கூர்மையாக விழுந்தன.

ஆனால், "கோடுகள் மிக மெல்லியவை, படிப்போர் கண் கெட்டுவிடும்" என்று சிலர் குறை கூறினர். இடிதாங்கியைக் கண்ட பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஓர் அச்சாளரும் ஆவார். அவர் என்ன செய்தார் தெரியுமா? காஸ்லன் என்பவருடைய எழுத்து மாதிரித் தாளில் பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு, 'இது பாஸ்கர்வில் எழுத்து' என்று சொல்லி, குறை கூறிய ஒருவரிடம் கொடுத்தார். அவரோ அதில் குறைகளை வரிசையாகக் காட்டினார். கண் வலிப்பதாகவும் சொன்னார். காஸ்லன் எழுத்தோ, அவர் வாழ்நாளெல்லாம் வலியின்றிப் படித்து வந்தது! 1760-இல் பாஸ்கர்விலுக்கு எழுதிய கடிதத்தில் ஃபிராங்க்ளின் இதைத் தெரிவித்தார். இன்று மருந்துகளைச் சோதிக்கும்போது, எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பதை நோயாளியிடம் மறைப்பதும் இதே காரணத்தால்தான்.

1775-இல் பாஸ்கர்வில் இறந்தார். வழக்கொழிந்த அவர் எழுத்தை 1923-இல் மோனோடைப் நிறுவனம் புதுப்பித்தது. இன்று கணினியிலும் அது கிடைக்கிறது. நல்ல தாளில், நீண்ட நேரம் படிக்க வேண்டிய நூலுக்கு இது மிகப் பொருத்தமானது. மை ஊறும் மட்டமான தாளிலோ, மிகச் சிறிய அளவிலோ, தொலைவிலிருந்து படிக்கும் பலகையிலோ இதன் மெல்லிய கோடுகள் எடுபடா.

அடுத்த முறை ஓர் எழுத்து படிக்கக் கடினம் என்று தோன்றினால், முதலில் தாளையும் மையையும் பாருங்கள். பிறகு அதன் பெயரை மறைத்துவிட்டு, இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.