மயக்க மருந்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த தலைமுறைக்கு இப்போது அறுவை சிகிச்சை வயது. பித்தப்பைக் கல், தேய்ந்த மூட்டு, இனிப்புநீரால் ஆறாத கால்புண் என்று மலாக்கா பெரிய மருத்துவமனைக்குப் போகிறார்கள். கத்தி பிடிக்கும் டாக்டரின் பெயர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மயக்க மருந்து கொடுப்பவரை யாரும் விசாரிப்பதில்லை. மேசையில் கிடப்பவரின் மூச்சைக் காப்பவர் அவர்தான்.

2010 மார்ச்சில், தொண்டைச் சதை அறுவை செய்துகொண்ட ஒருவருக்குச் சில நாள் கழித்து ரத்தம் கசிந்தது. புச்சோங்கிலுள்ள கொலம்பியா ஆசியா மருத்துவமனைக்கு விரைந்தார். அறுவை அறைக்குள் கொண்டுபோகும் முன்பே ரத்தம் கக்கி நினைவிழந்தார். மூளைக்கு உயிர்வளி போகாமல் நிரந்தர ஊனம். மயக்கவியல் நிபுணர் கவனக்குறைவாக நடந்தார் என்றது உயர்நீதிமன்றம். டாக்டர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள் என்பது மருத்துவமனையின் வாதம். 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: நோயாளியைக் காக்கும் கடமையை மருத்துவமனை பிறர் தலையில் கட்டிவிட முடியாது. தனியார் மருத்துவமனைக்குச் சேமிப்பைக் கரைத்துப் போகும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

மயக்க மருந்தின் ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் பல, நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் தெரியவரும். புகைப்பழக்கம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், ஆடும் பல், மருந்து ஒவ்வாமை, நாட்டு மருந்து, மது எதையும் மறைக்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமாகியிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இனிப்புநீர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையையும் எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

வயிறு காலியாக இருக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி. பால் கலந்த தேநீர் தண்ணீர்க் கணக்கில் சேராது. 'ஒரு வாய்தானே' என்று குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறுவை தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

பெயரையும் அறுவை செய்யும் இடத்தையும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள கேள்விகள் அவை. அந்தப் பட்டியலைப் புதுடில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, மரண விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆக இறங்கியதை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேட்பது உரிமை. 1982இல் கழுத்தெலும்பு அறுவைக்குப் பின் முடங்கிப்போன ஒரு பெண்ணின் வழக்கில், முக்கியமான ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இருபத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு! மலாய் புரியாவிட்டால் தமிழில் விளக்க ஆள் கேட்கலாம். என்ன மயக்கம், முழுமையானதா, முதுகில் ஊசியா, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படுமா என்றும் கேட்கலாம்.

தவறு நடந்ததாகத் தோன்றினால் முதலில் மருத்துவ அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனைகள் புகார் கேட்க ஏற்பாடு வைத்திருப்பது 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். மலேசிய மருத்துவ மன்றம் டாக்டர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு தராது. இழப்பீட்டுக்கு நீதிமன்றம்தான். அரசாங்க மருத்துவமனைமீது வழக்குத் தொடுக்க 36 மாதமே அவகாசம். தனியாருக்குப் பொதுவாக 6 ஆண்டு. துக்கத்தில் மாதங்கள் ஓடிவிடும். வழக்கறிஞரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.