அடிப்பூச்சும் அடியில் ஒளிந்த துருவும்

பழைய கார் ஒன்றை விலைபேசப் போகும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? வண்ணம் மங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம். கதவைத் திறந்து மூடி அதன் ஓசையைக் கேட்கிறோம். இருக்கையில் அமர்ந்து பார்க்கிறோம். எஞ்சினை ஓடவிட்டு, ஒன்றும் விளங்காவிட்டாலும் விளங்கியவர்போல் தலையை ஆட்டுகிறோம். தரையில் ஒரு பழைய நாளிதழை விரித்து, அதன்மேல் படுத்து, வண்டியின் வயிற்றுப்புறத்தைப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? சென்ற ஆண்டு வரை நானும் பார்த்தவனல்லன்.

எங்கள் விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் பதினான்கு ஆண்டு ஓடிய சிறு பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். மும்பையிலேயே பிறந்து மும்பையிலேயே ஓடிய வண்டி. "அடியெல்லாம் புதிதாகப் பூசியிருக்கிறது, பாருங்கள்" என்று விற்றவர் காட்டினார். குனிந்து பார்த்தோம். மை தடவியதுபோல் கருகருவென்று இருந்தது. அதையே வண்டியின் நலத்துக்குச் சான்றாகக் கொண்டோம். தமிழ் மாணவர் ஐவர் அந்த வண்டியில் ஞாயிறுதோறும் லோனாவாலா மலைப்பாதையில் ஏறி இறங்கினோம்.

ஒரு நாள் வழியில் சக்கரம் ஒன்று பஞ்சராயிற்று. கதவுக்குக் கீழே ஜாக்கியை வைத்துச் சுழற்றினோம். வண்டி எழவில்லை, ஜாக்கிதான் உள்ளே ஏறியது! கறுப்புப் பூச்சு பிளந்தது. உள்ளிருந்து பழுப்பு நிறச் செதில்கள், ஊறிய மரப்பட்டைபோல், கொத்துக்கொத்தாக உதிர்ந்தன. நல்லவேளையாக எவர் கையும் வண்டிக்கடியில் இல்லை.

தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவரிடம் வண்டியை மெதுவாகக் கொண்டு சேர்த்தோம். அண்ணாச்சி அடியில் புகுந்து, திருப்புளியின் பிடியால் இரண்டு இடத்தில் தட்டினார். வெளியே வந்து, "மேல பாத்து வாங்கிட்டீய தம்பி, கீழ பாக்காம விட்டுட்டீய. இது பூசுனது இல்ல, மூடுனது" என்றார். பூசுவதற்கும் மூடுவதற்கும் உள்ள வேறுபாடு என்ன? டிசம்பர் விடுமுறையில் அவருக்குக் கையாளாக நின்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு விடைதான்.

அடித்தகட்டின் பணி

லாரிக்குத் தனியே ஓர் இரும்புச் சட்டம் உண்டு; அதன்மேல்தான் உடல் அமர்ந்திருக்கிறது. இன்றைய சிறு கார்கள் பெரும்பாலானவற்றுக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்தும் ஒட்டவைத்தும் செய்த உடலே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்குகிறது. தரைத்தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் உட்கூடான படிச்சட்டமும் அதன் முதுகெலும்பு போன்றவை. இருக்கைகள் தரையோடு பிணைக்கப்பட்டவை. விபத்தில் நம்மைப் பற்றியிழுக்கும் இருக்கை வாரின் கீழ்முனையும் தரையோடோ அதை அடுத்த சட்டத்தோடோதான் பிணைக்கப்பட்டிருக்கிறது. பிணைப்பு நிற்கும் தகடு துருவாகிவிட்டால், வார் அறுந்துபோகாமல் இருந்தும் பயன் என்ன?

துரு எப்படி ஒளிகிறது

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளியில் படித்தது. ஆனால் பூச்சுக்கு அடியில், காற்று நன்றாகப் புகாத இடத்தில், துரு ஏன் விரைந்து வளர்கிறது? இதற்கு விடை கேம்பிரிட்ஜ் அறிஞர் யூ. ஆர். எவன்ஸ் 1920களில் விளக்கிக் காட்டிய ஒரு துளி நீரில் இருக்கிறது.

துலக்கிய எஃகுத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை வைக்கவேண்டும். துளியின் ஓரம் மெல்லியது. அங்கே ஆக்சிஜன் எளிதில் கரைந்து தகட்டை எட்டும். நடுப்பகுதி தடித்தது, அங்கே எட்டுவது குறைவு. ஆக்சிஜன் மிகுந்த ஓரத்தில்தான் இரும்பு அரிக்கும் என்று நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு! ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைகிறது; அங்கிருந்து புறப்படும் எலெக்ட்ரான்களை ஓரத்திலுள்ள ஆக்சிஜன் ஏற்றுக்கொள்கிறது. ஒரே துளிக்குள் ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. உப்பு அந்த மின்கலத்தில் மின்னோட்டத்தை எளிதாக்குகிறது.

இனி அந்தத் துளியை மறந்துவிட்டு நம் காரின் அடியை நினைப்போம். சரளைக்கல் தெறித்துப் பூச்சில் ஒரு கீறல் விழுகிறது. அதன் வழியே மழைநீர் புகுந்து, பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையே படர்கிறது. கீறலின் வாயில் ஆக்சிஜன் மிகுதி, உள்ளே குறைவு. எனவே அரிப்பு உள்ளே செல்கிறது. துருவானது தான் உண்ட இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது பூச்சை மேலும் தூக்குகிறது. மேலும் நீர் புகுகிறது. வெளியே கறுப்பு அப்படியே இருக்கிறது. உள்ளே எஃகு இல்லை. காக்க வந்த பூச்சே, பற்று விட்டபின், நீரைத் தேக்கிவைக்கும் பையாக மாறிவிடுகிறது.

மும்பையின் காற்றில் கடலுப்பு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழையும் உண்டு. எவன்ஸ் துளிக்கு வேண்டியவை எல்லாம் இங்கே இலவசம். கடற்காற்றும் இரும்பும் செய்யும் போர் தமிழருக்குப் புதிதன்று. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் போரில் நின்றது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025இல் திறக்கப்பட்டது. அரிமானத்தை ஆராய்வதற்கென்றே நம் நாட்டில் பெயர்பெற்ற நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது.

பழைய பூச்சை எடுத்தல்

முதலில் பாதுகாப்பு. ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் எவரும் படுக்கக்கூடாது. வண்டியைத் தூக்கியபின், உறுதியான இடங்களில் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, அவற்றின்மேல் இறக்க வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் கையுறையும் கட்டாயம். மிகப் பழைய கார்களின் பூச்சுகள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்தது. ஆகையால் அத்தகைய வண்டியில் தூசி பறக்கும்படி உலர்வாகத் தேய்க்கக்கூடாது. ஐயமிருந்தால் அப்பணியை அதற்கான வசதியுள்ளவரிடம் விட்டுவிடுவது அறிவுடைமை.

அடுத்து, அடிப்புறம் முழுவதையும் நீர் பீய்ச்சிக் கழுவி, ஓரிரு நாள் நன்றாக உலரவிட வேண்டும். பிறகு அண்ணாச்சி எனக்குச் சொன்ன விதி இதுதான்: "ஒட்டியிருக்கறத விட்டுடு, விட்டுப்போனத எடுத்துடு." தொழிற்சாலையில் காரின் உடல் முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் துணையால் ஒரு முதற்பூச்சைப் படியவைக்கிறார்கள். பல வண்டிகளில் அதற்கடியில் துத்தநாகப் பூச்சும் உண்டு. அவை நன்றாக இருக்கும் இடத்தில் அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, நாம் கையால் பூசுவது அவற்றுக்கு ஈடாகாது. எல்லாவற்றையும் எடுத்தால்தான் வேலை என்று எண்ணுவது தவறு.

எங்கள் வண்டியில் இருந்தது தார் இனத்துப் பூச்சு. அது நாளடைவில் இறுகி வெடிக்கும். மேற்புறத்தில் மண்ணும் துருவும் இருக்கும்போதே அதைத் தடவியிருந்தார்கள். பல இடங்களில் சுரண்டியை நுழைத்ததும் அப்பளம்போல் பெயர்ந்து வந்தது. பின்புறம் முழுவதும் துருவின் அச்சு. இறுகப் பற்றிய இடங்களில் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சற்று இளக்கிச் சுரண்டினோம். தீச்சுடரைக் காட்டக்கூடாது. பெட்ரோல் தொட்டி, பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றின் அருகே வெப்பமே கூடாது, அங்கே கைச்சுரண்டிதான். எஞ்சிய பிசினை டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்தோம். பெட்ரோலால் துடைப்பது சிலர் வழக்கம். அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

பிறகு துருவுள்ள இடங்களைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்தோம். தேய்த்த இடத்தையெல்லாம் சிறு சுத்தியால் தட்டினோம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்ட தகடு சொத்தென்று கேட்கும். ஐயமான இடத்தில் திருப்புளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். அது உள்ளே போனால் வருந்தவேண்டியதில்லை. வண்டி ஓடும்போது தெரியாமல் நின்றபோது தெரிந்ததே என்று மகிழவேண்டும். எங்கள் வண்டியில் இடப்பக்கப் படிச்சட்டத்தில் ஒரு முழ நீளமும், ஓட்டுநர் காலடியில் உள்ளங்கையளவும் போயிருந்தன. ஓட்டையை இழையும் பசையும் வைத்து அடைப்பது பாரம் தாங்கும் இடத்தில் ஏமாற்று வேலை. டிங்கர் வேலைக்காரர் கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்தார்.

மீண்டும் பூசுதல்

தேய்த்தபின்னும் குழிகளுக்குள் துருவின் வேர் கொஞ்சம் நிற்கும். அதற்குத் துருமாற்றி என்னும் திரவம் உண்டு. சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலமும், சிலவற்றில் டானிக் அமிலமும் இருக்கும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்தால் கறுப்பு மை கிடைக்குமல்லவா? டானிக் அமிலம் துருவைக் கறுப்பாக மாற்றுவதும் அதே வேதியியல்தான். ஆனால் இது மெல்லிய எச்சத்துக்கே மருந்து. செதிலாக நிற்கும் துருவின்மேல் ஊற்றினால் பயனில்லை. அமிலத்தின் மிச்சத்தை டப்பாவில் சொல்லியுள்ளபடி நீக்காவிட்டால் அடுத்த பூச்சு பற்றாது.

அதன்பின் பிரைமர். இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமர் நன்கு பற்றும், நீரையும் எளிதில் விடாது. பிரைமர் காய்ந்தபின் தகடுகள் சேரும் மடிப்புகளில் இணைப்புப்பசை இட வேண்டும். துரு முதலில் குடியேறுவது அந்த மடிப்புகளில்தான். அதற்கும் மேலேதான் நாம் அடிப்பூச்சு என்று சொல்லும் இரப்பர் கலந்த தடித்த பூச்சு வருகிறது. சரளைக்கல்லின் அடியைத் தாங்குவதே அதன் வேலை. துருவைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் பிரைமருடையது. இந்த வேலைப்பிரிவை அறியாதவர்களே பிரைமரை விட்டுவிட்டுக் கறுப்பைத் தடவுகிறார்கள்.

ஒரே தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நல்லது. தடித்தால் மேலே ஆடைகட்டி, உள்ளே கரைப்பான் சிறைப்படும். தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட 3 டிகிரி செல்சியசாவது மேலே இருக்க வேண்டும் என்பது பூச்சுத்தொழிலில் பொதுவிதி. இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் பூசுவோம். ஆகவே மழைக்காலத்தில் இவ்வேலை வேண்டாம்.

பூசக்கூடாத இடங்களும் உண்டு. சைலன்சர், பிரேக் டிஸ்க்கும் டிரம்மும், பிரேக் இரப்பர் குழாய்கள், சுழலும் தண்டுகள், இரப்பர் புஷ்கள் ஆகியவற்றைத் தாளாலும் ஒட்டுநாடாவாலும் மூடிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிச்சட்டத்தின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளை அடைக்கவே கூடாது. எங்கள் வண்டியின் படிச்சட்டம் மடிந்ததற்குக் காரணம், அத்துளைகளையும் சேர்த்துப் பூசிவிட்ட ஒருவருடைய தாராள மனம்தான்! உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே குடியிருந்தது. உட்கூடான பகுதிகளுக்குள் நீண்ட குழாயால் மெழுகுப்பூச்சைப் பீய்ச்சினால்தான் உட்புறமும் காக்கப்படும்.

நிறைவாக

அடிப்பூச்சு ஒருமுறை செய்து மறந்துவிடும் காரியமன்று. மழைக்காலம் முடிந்ததும் அடியைக் கழுவி, உலர்ந்தபின் விளக்கடித்துப் பார்த்து, பெயர்ந்த இடத்தை மட்டும் சுரண்டிச் சரிசெய்தால், ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். விட்டுவைத்தால் என்னவாகும் என்பதற்கு எங்கள் ஜாக்கியே சான்று. தனியார் கார்களின் பதிவை 15 ஆண்டுக்குப்பின் புதுப்பிக்கும்போது தகுதி ஆய்வு உண்டு. ஆனால் நம் உயிர் அந்த ஆய்வுநாள் வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை.

நம்மில் பலர் படிப்பு முடித்து, முதற்சம்பளத்தில் பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறவர்கள். அன்று விற்பவர் அடிப்பூச்சின் புதுமையைக் காட்டினால், நண்பர்களே, அதில் மகிழ வேண்டாம். "எப்போது பூசினீர்கள்? பூசுமுன் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு, ஸ்டாண்டின்மேலோ லிஃப்டிலோ நிற்கும் வண்டிக்கடியில் போய், கதவுக்குக் கீழே விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். அந்த ஒலி பொய் சொல்லாது.

எங்கள் வண்டி இப்போதும் லோனாவாலா போகிறது. புறப்படுமுன் மூத்தவர் குனிந்து அடியைப் பார்க்கிறார். நாங்களும் பார்க்கிறோம்.