தூண்களின் மேல் நிற்கும் மும்பை

2001 ஜனவரி 26, காலை 8.46 மணி. குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே பழைய நகரத்தில் மரமும் செங்கல்லும் சேர்த்துக் கட்டிய வீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. நொறுங்கியவற்றில் பல, கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்து விட்ட கான்கிரீட் அடுக்குமாடிகள்.

இதை மும்பை தன் கதையாகப் படிக்க வேண்டும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு எழும் சொசைட்டிகளைப் பாருங்கள். மேல்தளங்களில் சுவர்கள் நெருக்கமாக இருக்கின்றன. கீழே பார்க்கிங்கில் வெறும் தூண்கள். நிலம் ஆடும்போது மேல்பகுதி ஒரே பெட்டியாக விறைத்து நிற்க, அசைவு முழுவதும் அந்தத் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து இறங்கும்.

அந்தத் தூணைக் காப்பாற்றுவது, நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் சின்ன ரிங். அதன் முனையை 135 டிகிரிக்கு மடக்கித் தூணின் உட்பக்கம் செருக வேண்டும். 90 டிகிரியோடு நிறுத்தினால், குலுக்கலில் வெளிப்புறக் கான்கிரீட் உறை உதிர்ந்ததும் ரிங் வாய் திறந்துவிடும்; உள்ளே இருக்கும் கான்கிரீட் பொடிந்து வெளியே கொட்டும். கம்பி கட்டுபவருக்குக் கூடுதலாகச் சில நொடி வேலைதான். ஆனால் கான்கிரீட் போட்ட பிறகு யாராலும் அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாது.

நில அதிர்வு வரைபடத்தில் மும்பை பல்லாண்டுகளாக மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதியில் இருந்து வந்திருக்கிறது. 'மிதமான' என்ற சொல்லில் நிம்மதி கொள்வது தவறு. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் கொய்னா அணைப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சுமார் 180 பேர் இறந்தனர். அதுவரை கெட்டியான தக்காணப் பாறை அசையாது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 1993-இல் லாத்தூரின் கில்லாரியில் ஏற்பட்ட நிலநடுக்கம் அந்த நம்பிக்கையின் மிச்சத்தையும் அழித்தது.

மும்பையின் அடியிலும் கரும்பாறைதான். ஆனால் கடலையும் கழிமுகத்தையும் தூர்த்து உருவான இடங்களில் பாறைக்கு மேல் மென்மையான களிமண் கிடக்கிறது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பில் வளர்ந்த தாராவி அப்படிப்பட்ட இடம். மென்மண் அதிர்வைப் பெருக்கும். 1985 செப்டம்பர் 19 அன்று, 350 கிலோமீட்டருக்கும் அப்பால் உருவான அதிர்வு மெக்சிகோ நகரின் பழைய ஏரிப்படுகையில் பெருகித்தான் அத்தனை கட்டடங்களைச் சாய்த்தது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவிச் சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். தரைத்தளத்தில் குடும்பம், செங்குத்தான இரும்பு ஏணி, மேலே வாடகைக்கு விட்ட ரூம் அல்லது தையல் பட்டறை. இங்கே இடிபாட்டை அகற்ற எந்த இயந்திரமும் நுழையாது. வீடு போனால் அதே நொடியில் தொழிலும் போகும். ஆகவே மீட்சி என்பது கூரையோடு முடிகிற காரியமல்ல.

கட்ச் இதில் நல்ல வழி ஒன்றைக் காட்டியது. சுமார் இரண்டு லட்சம் வீடுகளை உரிமையாளர்களே மீண்டும் கட்டினார்கள். கட்டுமானத்தைப் பொறியாளர்கள் பார்த்த பிறகே அடுத்த தவணைப் பணம் வந்தது. ஆனால் அதே ஏற்பாட்டில் பூஜ் நகரத்து வாடகைக்காரர்கள் பின்தங்கிப் போனார்கள். சொத்துப் பத்திரம் இருந்தவருக்கே உதவி முதலில் எட்டியது.

1985 நிலநடுக்கத்துக்குப் பிறகு மெக்சிகோ நகரில் இது வேறு விதமாக நடந்தது. மையப்பகுதியின் சிதைந்த குடியிருப்பு மனைகளை அரசு கையகப்படுத்தி, வாடகைக்கு இருந்த ஏழைகளுக்கே பெரும்பாலும் அதே இடத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. ஒதுக்குப்புறத்துக்குத் துரத்தாதே என்று தெருவில் இறங்கிப் போராடிய மக்களால்தான் அது நடந்தது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டமோ, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு என்கிறது. மேல்தளத்தில் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. நாளை நிலம் குலுங்கினால் நிவாரணமும் இதே பட்டியலைப் பார்த்துத்தான் வழங்கப்படுமா? மாநகராட்சியும் மாநில அரசும் இதற்கு இப்போதே எழுத்தில் பதில் தர வேண்டும். ஏணிக்கு மேலே இருக்கும் வாடகைக்காரர், பட்டறைத் தொழிலாளி ஆகியோரின் பெயர்களோடு பேரிடர்காலப் பட்டியல் ஒன்றைத் தனியாகத் தயாரிக்க வேண்டும்.