கூரை மேல் ஒரு மின் நிலையம்

சித்திரை மாத நண்பகலில் மொட்டை மாடியில் வெறுங்காலுடன் நிற்க முடியுமா? அவ்வேளையில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றல் விழுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்ற அது போதும்! இந்த ஆற்றலைக் கொண்டு வீட்டின் மின்செலவைக் குறைக்கலாம். ஆனால், எவ்வளவு குறையும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கணக்கிட வேண்டும். அக்கணக்கை இங்குக் காண்போம்.

ஒளி மின்சாரமாவது எப்படி?

சூரியப் பலகையில் இருப்பவை சிலிக்கன் மின்கலங்கள். ஒளி படும்போது சிலிக்கனிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரு திசையில் தள்ளப்படுகின்றன. அதுவே மின்னோட்டம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் செய்துகாட்டிய சிலிக்கன் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியில் 6 சதவீதத்தையே மின்சாரமாக மாற்றியது. இன்றைய பலகைகள் ஏறத்தாழ 20 சதவீதத்தை மாற்றுகின்றன.

ஒரு மின்கலம் தருவது சுமார் அரை வோல்ட். ஆகவே பல கலங்களைச் சங்கிலிபோல் தொடராக இணைக்கிறார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. தென்னை மட்டையின் நிழல் ஒரு கலத்தின்மீது விழுந்தாலும் அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் குன்றிவிடும். எனவே நிழல் படாத இடமே ஏற்றது.

பலகைக்கு ஒளி நண்பன், வெப்பமோ பகைவன். 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைகிறது. பலகை 60 டிகிரிக்குச் சூடேறினால் இழப்பு 12 சதவீதம்! பலகையின் அடியில் காற்றோட்டத்திற்கு இடைவெளி விடுவது இதற்காகத்தான்.

முதலில் சிக்கனம்

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரு மாதங்களில் 480 யூனிட், அதாவது நாளைக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டுக்கு 2 கிலோவாட் தேவை எனத் தோன்றும்.

சற்றுப் பொறுங்கள். அவ்வீட்டில் 75 வாட் பழைய மின்விசிறிகள் நான்கு, தினமும் 10 மணி நேரம் சுழல்வதாகக் கொள்வோம். அவற்றுக்கு 3 யூனிட் செலவாகும். 30 வாட் புதுவகை விசிறிகளுக்கு 1.2 யூனிட் போதும். மிச்சம் 1.8 யூனிட்! இப்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் பலகையே போதுமானது. விசிறியை மாற்றியதால் ஏறத்தாழ அரை கிலோவாட் பலகையின் விலை மிச்சமாயிற்று அன்றோ?

கடைசிப் பலகையின் வருமானம்

மின்கட்டணம் படிப்படியாக உயர்வது. அதிகம் செலவிட்டால் யூனிட் விலையும் ஏறும். சூரிய மின்சாரம் முதலில் குறைப்பது மேற்படியிலுள்ள விலை உயர்ந்த யூனிட்டுகளையே. ஆகவே முதல் பலகை ஈட்டித் தருவது அதிகம். கடைசிப் பலகை ஈட்டுவது குறைவு. கட்டணத்தை அடியோடு ஒழிக்க எண்ணிப் பெரிய அமைப்பை வாங்குவது இலாபமன்று. மிகக் குறைந்த மின்சாரமே பயன்படுத்தும் வீட்டினர் கடன் வாங்கிப் பலகை பொருத்த வேண்டியதில்லை.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் போக நிற்கும் விலையை, ஓர் ஆண்டில் குறையும் கட்டணத்தால் வகுத்தால், எத்தனை ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

மின்வெட்டின்போது?

மின்வாரியக் கம்பியுடன் இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்பு, மின்தடையின்போது நல்ல வெயிலிலும் தானே நின்றுவிடும். ஏன்? கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரை உங்கள் வீட்டு மின்சாரம் தாக்கக்கூடாதல்லவா? விற்பவர் சொல்ல மறந்தாலும் நீங்கள் இதை மறவாதீர்கள்.

ஓராண்டு மின்கட்டண ரசீதுகளையும் ஒரு பென்சிலையும் இன்றே எடுங்கள். கணக்குப் போட்ட பின் கடைக்குச் செல்லுங்கள்!