சீலியாக் நோயும் ஐஜிஏ அளவும்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது, அதற்கேற்ற மரபணு அமைந்த சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் குடல் விரலிகளைத் தேய்த்துவிடுவதே சீலியாக் நோய். ஓயாத வயிற்றுப்போக்காக மட்டுமன்றி, இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத இரத்தசோகையாகவும் குழந்தையின் வளர்ச்சிக் குறைவாகவும் இது தலைகாட்டுவதால், அறிகுறிகளை மட்டும் நம்பாமல் மருத்துவர்கள் முதலில் இரத்தப் பரிசோதனைகளை நாடுகின்றனர்.

அவற்றுள் முதன்மையானது டிடிஜி-ஐஜிஏ. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் (டிடிஜி) என்பது உடலில் இயல்பாகவே உள்ள ஒரு நொதி. இந்நோயில் உடல் பகையாக எண்ணுவது அதனைத்தான் என்பது 1997இல் கண்டறியப்பட்டது. அந்நொதிக்கு எதிராக உருவாகும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளின் அளவையே இச்சோதனை காட்டுகிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவீடு மாறுவதால், வெறும் எண்ணை விட, அருகில் அச்சிட்டுள்ள இயல்பு வரம்பைப்போல் அது எத்தனை மடங்கு என்பதே முக்கியம். வரம்பு 10 எனக் குறித்த தாளில் 14 என்று வந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. 100ஐத் தாண்டினால் ஐயம் பெரிதும் நீங்கும். பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாம் முறை எடுத்த இரத்தத்தில் இஎம்ஏ என்னும் மற்றோர் எதிர்ப்பொருளும் காணப்பட்டால், குழந்தைகளுக்குக் குடல் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இன்றியே நோயை உறுதிசெய்யலாம் என்பது ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் வல்லுநர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பயாப்ஸியே முடிவு சொல்கிறது.

உயர்ந்த எண்ணை விட, இயல்பு என்று வரும் முடிவே மிகுதியும் ஏமாற்றக்கூடியது. ஐஜிஏ எதிர்ப்பொருளையே போதிய அளவு உண்டாக்காத உடல்கள் உண்டு. சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இத்தகையோர். அவர்களிடம் டிடிஜி-ஐஜிஏ உயர வழியே இல்லை. ஆகவே மொத்த ஐஜிஏ அளவும் சேர்த்துப் பார்க்கப்படாத தாள் அரைகுறைத் தாளே. மொத்த ஐஜிஏ குறைந்திருந்தால், ஐஜிஜி என்னும் வேறு வகை எதிர்ப்பொருளைக் காணும் சோதனைகளுக்குச் செல்ல வேண்டும். இதனினும் பரவலான பிழை, சப்பாத்தியையும் பரோட்டாவையும் தாமாகவே நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் கழித்து இரத்தம் கொடுப்பது. குளூட்டன் இல்லாதபோது எதிர்ப்பொருள் தானாகவே குறைந்துவிடுமாதலால், சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரங்கள் நாள்தோறும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன் உணவு உண்டிருக்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு கூறுகிறது.

எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 என்னும் மரபணுச் சோதனை விலக்குவதற்கே பயன்படும்: இரண்டும் இல்லையெனில் நோய் அநேகமாக இல்லை, இருந்தாலோ எதுவும் உறுதியாவதில்லை. இதற்குச் சான்றாக, 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் நோயின் பரவல் வடக்கில் 1.23 விழுக்காடாகவும் தெற்கில் 0.10 விழுக்காடாகவும் இருந்தது. மரபணுவோ தெற்கிலும் பலரிடம் காணப்பட்டது. பெரிதும் வேறுபட்டது கோதுமைதான்: நாளொன்றுக்கு வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

நோய் உறுதியாகிக் குளூட்டனை விலக்கியபின் டிடிஜி அளவு மாதக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. இறங்காமல் நின்றால், சாம்பார்ப் பெருங்காயத்தில் கலந்துள்ள கோதுமை மாவு வரை சமையலறையைத் துருவிப் பார்க்க வேண்டியிருக்கும்.