ஐம்பதில் வேலையை விடலாமா? படிவம் நிரப்பும் முன் ஒரு கணக்கு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் வந்தார். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் கட்டிங் மெஷின் வேலை. வயது 51. கையில் பிஎஃப் பென்ஷன் கேட்கும் 10-டி படிவம் வைத்திருந்தார். “பாய், இதை நிரப்பிக் குடுங்க. அம்பது முடிஞ்சா பென்ஷன் வாங்கிக்கலாம்னு சொல்றாங்க. இடுப்பு வலி தாங்கல. மூத்தவ நிக்காஹ் வேற வருது, மொத்தமா ஒரு தொகை கிடைச்சா நல்லது” என்றார்.

படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் மஃரிபுக்கு வரச் சொன்னேன். அன்று இரவு அவருக்காகப் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே எண்ணத்தில் நம் மஹல்லாவில் பலர் இருக்கிறார்கள். பட்டாசு ஆலைகளில் முன்போல ஆண்டு முழுவதும் வேலை இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை சொன்ன பிறகு வேலை நாட்கள் குறைந்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வேன் ஏறி, மாலை மருந்துத் தூளோடு வீடு திரும்பும் மனிதர், ஐம்பது வயதில் “போதும்” என்று நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து அந்தப் “போதும்” கிடைக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். பிஎஃப் சேமிப்பு வேறு, பிஎஃப் பென்ஷன் வேறு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. முதலாளி கட்டும் பங்கிலிருந்து 8.33 சதவீதம் மட்டும் பென்ஷன் நிதிக்குப் போகிறது. அதற்கும் 15,000 ரூபாய் சம்பளம் என்ற உச்சவரம்பு உண்டு. 10-டி படிவம் கொடுத்தால் மாதாமாதம் பென்ஷன் வரும். மொத்தத் தொகை வராது. மகள் திருமணத்துக்குப் பணம் வேண்டுமென்றால் சேமிப்புக் கணக்கிலிருந்து முன்பணம் கேட்க விதி இருக்கிறது, அதற்கு வேலையை விட வேண்டியதில்லை. அந்தச் சகோதரருக்கு இது தெரியாது. அச்சகத்தில் யாரோ சொன்னதை நம்பி வந்திருந்தார்.

இனி கணக்கு. 1995-ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்தில் முழுப் பென்ஷனுக்கான வயது 58. பத்து ஆண்டு சர்வீஸ் இருந்தால் 50 வயதிலிருந்தே குறைந்த பென்ஷன் வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும். அந்த வெட்டு 58 ஆனதும் நீங்கிவிடாது, ஆயுள் முழுவதும் தொடரும். வாய்ப்பாடு எளிது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும்.

அவருடைய சராசரிச் சம்பளம் 12,000, சர்வீஸ் 22 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பென்ஷன் 3,771 ரூபாய் வருகிறது. 51 வயதில் வாங்கினால் ஏறக்குறைய கால் பங்கு போய், சுமார் 2,800 கையில் நிற்கும். அதே மனிதர் 58 வரை வேலை பார்த்தால், சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும் சர்வீஸ் 29 ஆண்டாகி, பென்ஷன் 4,971 ஆகும். மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அந்த ஏழு ஆண்டுச் சம்பளத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இங்கே நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழப்பின் பெரிய பகுதி, முன்கூட்டிப் பென்ஷன் வாங்குவதால் வருவதில்லை. வேலையை நிறுத்துவதால் வருகிறது. உடம்பு முடியாமல் வேலையை விட்டே தீர வேண்டியவர், 58 வரை காத்திருந்தால் 3,771 வாங்குவார். இப்போதே வாங்கினால் 2,800. மாதம் 971 ரூபாய் குறைவுதான். ஆனால் ஏழு ஆண்டில் சுமார் 2,35,000 ரூபாயை முன்னதாகவே வாங்கியிருப்பார். அந்தத் தொகையைக் குறைவு தின்று தீர்க்க இருபது ஆண்டு ஆகும், அதாவது 78 வயது வரை. ஆகவே வேறு வழியில்லாதவர் முன்கூட்டி வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். வேலை பார்க்கத் தெம்பு இருந்தும், வெறும் அலுப்பில் விடுகிறவரைத்தான் இன்னொரு முறை யோசிக்கச் சொல்வேன். இன்னொரு பிஎஃப் உள்ள நிறுவனத்தில் சேர்ந்துகொண்டே இந்தப் பென்ஷனையும் வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். விதி அதற்கு இடம் தராது.

பட்டாசு ஆலையில் தீக்காயமோ விபத்தோ ஏற்பட்டு நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர்கள் இந்தக் குறைந்த பென்ஷனுக்கு எழுதிக் கொடுக்கவே கூடாது. அவர்களுக்கென்று ஊனப் பென்ஷன் அதே திட்டத்தில் தனியாக இருக்கிறது. அதற்குப் பத்து ஆண்டு சர்வீஸும் தேவையில்லை, வயது வெட்டும் இல்லை.

என் சொந்த மச்சான் கதையைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை என்று நான்கு இடம் மாறினார். ஒவ்வோர் இடத்தை விடும்போதும் பிஎஃப் பணத்தோடு பென்ஷன் பணத்தையும் 10-சி படிவம் போட்டு எடுத்துவிட்டார். ஒரு முறை பெருநாள் செலவு, ஒரு முறை வீட்டுக்குத் தளம் போட, ஒரு முறை எதற்கென்று அவருக்கே ஞாபகம் இல்லை. எடுக்கும்போதெல்லாம் அதுவரையிலான சர்வீஸ் அழிந்துபோகிறது. மொத்தம் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு, ஐம்பத்தைந்தில் கணக்குப் பார்த்தால் ஏழு ஆண்டுதான் மிச்சம். பென்ஷன் இல்லை. அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டிருந்தால் எல்லா ஆண்டுகளும் கூடியிருக்கும். பென்ஷன் கணக்கு உயிரோடு இருந்தால், கணவர் மௌத்தான பிறகு மனைவிக்கும் மாதாமாதம் வரும். என் தங்கைக்கு அதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நம்மவர்களுக்கு வரும் இன்னொரு தொல்லை, பெயர். ஆதாரில் முகமது, பிஎஃப்பில் முஹம்மது, பேங்க் பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். வயதும் அப்படியே. சின்ன வயதில் வேலைக்குச் சேரும்போது கூட்டிச் சொன்ன வயது இன்றைக்கும் பதிவில் நிற்கிறது. இவற்றை நாற்பத்தைந்திலேயே சரி செய்துவிடுங்கள். ஐம்பத்தெட்டில் அலைய உடம்பில் வலு இருக்காது.

மருத்துவத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஐந்து ஆண்டாவது இஎஸ்ஐயில் இருந்தவர், முன்கூட்டியே ஓய்வு பெற்றாலும் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். சிவகாசியில் இஎஸ்ஐ மருத்துவமனையே இருக்கும்போது இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

வட்டி பற்றிப் பல பேர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். கட்டாயமாகப் பிடிக்கப்படும் பிஎஃப் தொகையோடு கூடி வருவது வட்டியில் சேராது என்று ஆலிம்கள் பலர் விளக்கம் தந்திருக்கிறார்கள். நாமாக விரும்பிக் கூடுதலாகப் போடும் பணத்தில் அவர்களே எச்சரிக்கை சொல்கிறார்கள். உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். ஆனால் வட்டி வேண்டாம் என்று பேங்கில் போடாதவர், அந்தப் பணத்தை அப்படியே தங்கச்சி மகன் கடையில் வாய்ப்பேச்சில் போட்டுவிடுவதையும் பார்க்கிறேன். லாபம் எவ்வளவு, நஷ்டம் யாருக்கு, எப்போது திருப்புவது, ஒன்றும் எழுத்தில் இல்லை. குர்ஆனிலேயே நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான். சொந்தத்துக்குள்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

விட்ட பிறகு பொழுதை என்ன செய்வது என்று யாரும் திட்டம் போடுவதில்லை. முதல் மாதம் சுகமாக இருக்கும். இரண்டாம் மாதம் டீக்கடை பெஞ்சு. மூன்றாம் மாதம் வீட்டில் அடுப்பங்கரை வரை வந்து, எண்ணெய் அதிகம், கேஸ் வீண் என்று சொல்ல ஆரம்பித்து, வீட்டுக்காரி நம்மிடம் வந்து, “இவருக்கு ட்ரஸ்ட்ல ஏதாவது வேலை குடுங்க பாய்” என்கிறார். விருதுநகரில் பருப்பு மண்டியில் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர், கடைசி இரண்டு ஆண்டு வாரத்தில் மூன்று நாள் மட்டும் போய்வந்து, மெல்ல மெல்ல விட்டார். இன்று ஃபஜ்ருக்குப் பிறகு கண்மாய்க் கரையில் நடை, பேரப்பிள்ளைகளை மக்தபில் விடுவது, ஆறு ஆடு, மாலையில் நம் அலுவலகத்தில் கல்வி உதவி விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. வருமானம் பாதியாகிவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. ஒரே நாளில் விடாமல் படிப்படியாக விட்டதுதான் அவருக்கு உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பீஸ் ரேட்டில் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் பலருக்குப் பிஎஃப் பிடிப்பதில்லை. அவர்கள் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நல வாரியத்தில் 60 வயதுக்குள் பதிந்து, உரிய காலத்தில் புதுப்பித்து வந்தால்தான் 60-க்குப் பின் ஓய்வூதியம். புதுப்பிக்க மறந்தவர்கள் அட்டையோடு வாருங்கள்.

மஃரிபுக்கு வந்த அந்தச் சகோதரரிடம் கணக்குத் தாளைக் கொடுத்தேன். “இவ்வளவு வெட்டா?” என்று இரண்டு முறை கேட்டார். 10-டி படிவத்தை மடித்து வைத்துவிட்டு, திருமண முன்பணத்துக்கு மட்டும் விண்ணப்பித்தார். கட்டிங் மெஷினிலிருந்து பைண்டிங் பக்கம், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்கப் போவதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பின் அலுவலகத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். ஆதார், பேங்க் பாஸ்புக், யுஏஎன் எண், பழைய கம்பெனிகளின் பிஎஃப் சீட்டுகள் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். முடிந்தால் வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள்.